இறங்குபாதையிற் பக்கச் சறுக்கு: சீனக்குடாவிலிருந்து ஒரு நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோணேசர் கோயிலிலும் பிரெடெரிக் கோட்டையிலும் தொடங்கிப் பிரித்தானியரின் கடற்படைத் தளத்தோடு முடித்துக்கொள்வது பெரும்பாலும் வழக்கமாகி விட்டது. துறைமுகத்தின் உட்கடலை அடுத்து, தம்பலகாமத்தை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த சீனக்குடா விமானத்தளம் அவ்வரலாற்றில் இரண்டொரு வரிகளுக்கு மேல் இடம்பெறுவதில்லை. கப்பல் வரலாறு எழுதுவோர்க்கு விமானம் புறம்பானது. விமான வரலாறு எழுதுவோர்க்கோ கட்டுநாயக்காவும் இரத்மலானையுமே கண்ணிற்படுகின்றன. ஆயினும் விமானமோட்டும் கலையின் வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட வினாவை ஆராய்வதற்குச் சீனக்குடாவைப் போற் பொருத்தமான இடம் நம் நாட்டில் வேறில்லை என்பது எனது கருத்து.

அவ்வினா யாதெனில், பயணிகளை ஏற்றிவரும் விமானத்தை, தரையிறங்க நெருங்கும் வேளையில், விமானி பக்கவாட்டிற் சறுக்கி இறக்கலாமா என்பதே. விமானிகள் இதனைச் 'சிலிப்' என்பர். இக்கட்டுரையில் இதனைப் பக்கச் சறுக்கு எனக் குறிப்பிடுவோம்.

முதலில் அதன் தன்மையை விளக்குதல் வேண்டும். விமானத்தின் ஒரு சிறகைத் தாழ்த்தினால் அது அத்திசையில் திரும்ப முயலும். அதே வேளையில் வாற்பகுதியிலுள்ள சுக்கானை எதிர்த்திசையில் மிதித்தால் திரும்புதல் தடைப்படும். விமானம் தான் செல்லும் நேர்வழியை விடாது, ஆனால் உடலைச் சற்றுக் குறுக்காக வைத்துக்கொண்டு முன்செல்லும். குறுக்காக நிற்கும் உடலைக் காற்று முழுமையாக மோதுவதால் தடுப்புவிசை மிகுகின்றது. மூக்கைத் தாழ்த்தி இறங்கினால் வேகம் கூடிவிடும்; சறுக்கி இறங்கினாலோ வேகம் கூடாமலே உயரம் குறையும். இதுவே இவ்வுத்தியின் முழுப்பயனும் ஆகும். மிகுதியாக வைத்திருக்கும் உயரத்தைச் செலவழிக்கும் வழி இது. சுக்கான் என்ற சொல்லை நம் கடலோடிகள் அறிவர். பாய்த்தோணி பக்கக் காற்றில் முன்னேறுவதோடு பக்கமாகவும் ஒதுங்கிச் செல்வதைக் கண்டவர்க்கு இவ்விளக்கம் மிகையாகவும் தோன்றலாம்.

1939ஆம் ஆண்டு ஆகத்து முதலாந் திகதி பிரித்தானிய ரோயல் விமானப்படையின் 273ஆம் அணி சீனக்குடாவில் மீள அமைக்கப்பட்டது. கடற்படைக்குத் துணையாக நிறுவப்பட்ட அவ்வணிக்கு விக்கர்ஸ் வில்டபீஸ்ட், பெயாரி சீல் ஆகிய இரட்டைச் சிறகு விமானங்கள் வழங்கப்பட்டிருந்தன. இவை ஏற்கெனவே பழமைப்பட்டுப் போனவை. இறங்குகையிற் சிறகின் பின்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி மடிந்து தடுப்பையும் தூக்குவிசையையும் ஒருங்கே தரும் 'பிளாப்' என்னும் தகடுகள் 1930களிலேயே பரவலாயின. அதற்கு முற்பட்ட விமானங்களைப் பறக்கக் கற்ற தலைமுறைக்குப் பக்கச் சறுக்கு ஒரு விசேட வித்தையன்று, அன்றாட நடைமுறையாகும். உயரம் மிஞ்சியிருந்தால் சறுக்குவர். போதுமானது கரைந்ததும் நேராக்குவர். பின்பு சக்கரத்தைத் தரையில் வைப்பர். அந்தத் தலைமுறையின் கைகள் சீனக்குடாவுக்கு வந்தபோது இப்பழக்கத்தையும் தம்முடன் கொண்டுவந்தன என்று கொள்வதில் தவறில்லை.

1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. 261ஆம் அணியின் ஹரிக்கேன்களும் 273ஆம் அணிக்கு அதற்குள் வழங்கப்பட்டிருந்த புல்மார்களும் எதிர்த்து நின்றன. முன்னெச்சரிக்கை கிடைத்தமையால் முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு அகன்ற ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் மாண்டனர். விமானந்தாங்கியாகவே வரையப்பட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட முதற் கப்பலாகிய அது மூழ்கியபோது அதன் மேற்றளத்தில் ஒரு போர்விமானம்கூட இருக்கவில்லை. அதன் விமானங்கள் கரையில், சீனக்குடாவில் நின்றன. இந்நிகழ்ச்சி பலராலும் எழுதப்பட்டுள்ளமையால் இங்கு விரிக்க வேண்டுவதில்லை. அதே ஆண்டு ஆகத்து 15ஆம் நாள் ஒல்லாந்தரின் 321ஆம் அணி கற்றலீனா நீர்விமானங்களுடன் சீனக்குடாவில் அமைக்கப்பட்டது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேற்செல்வோம்.

நமது பொருளுக்கு மிக நெருங்கியது 1944ஆம் ஆண்டாகும். அவ்வாண்டின் தொடக்கத்தில் இலஸ்திரியஸ் என்னும் விமானந்தாங்கி திருகோணமலையிலிருந்து இயங்கிய கீழைக் கடற்படையைச் சேர்ந்தது. அதன் 1830ஆம், 1833ஆம் அணிகளின் போர்விமானங்கள் அமெரிக்காவிற் செய்யப்பட்ட கோர்செயர்கள். இவ்விமானத்தின் மூக்கு மிக நீண்டது. விமானியின் இருக்கையோ மிகப் பின்னால் அமைந்தது. நேராக நெருங்கி இறங்கினால், எந்தக் கப்பலின் மேல் இறங்க வேண்டுமோ அந்தக் கப்பலே மூக்கின் பின்னே மறைந்துவிடும். இதனாலும், தரையிற் பட்டதும் துள்ளும் இயல்பினாலும், அமெரிக்கக் கடற்படை முதலில் இதனைக் கப்பற்றளத்துக்கு ஏற்றதெனக் கருதவில்லை. பிரித்தானிய விமானிகள் நேராக நெருங்குவதை விட்டு, கப்பலின் இடப்புறமாக வளைந்து வந்து, இறுதிக் கணம் வரை இறங்குதளத்தையும் கையசைத்து வழிகாட்டும் அதிகாரியையும் கண்பார்வையில் வைத்துக்கொண்டே இறங்கும் முறையைக் கைக்கொண்டனர். தாழ்வான கப்பற்கூடத்தில் அடங்குவதற்காகச் சிறகு நுனிகளும் எட்டங்குலம் வெட்டப்பட்டன. அவ்வாண்டு ஏப்பிரல் 19ஆம் நாள் சுமாத்திராவின் வடமுனைக்கு அப்பாலுள்ள சபாங்கைத் தாக்கிய இலஸ்திரியசும் அமெரிக்கக் கப்பலாகிய சரற்றோகாவும் புறப்பட்டது திருகோணமலையிலிருந்தேயாகும்.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. இரட்டைச் சிறகு விமானி சறுக்கியது உயரத்தைக் கரைப்பதற்காக. கோர்செயர் விமானி வளைந்து வந்தது பார்வையைக் காப்பதற்காக. நோக்கங்கள் வேறாயினும் இரண்டிலும் நேர்கோட்டில் இறங்குதல் என்னும் பொதுவிதி தேவையின் முன் வளைந்து கொடுத்தது. விதியை மீறினோம் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். அக்காலத்தில் அவ்விதியே இன்னும் முழுமையாக உருவாகியிருக்கவில்லை.

போரின் பின் நிலைமை மாறிற்று. 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்ததோடு இலங்கையின் பயணிகள் விமான சேவை ஆரம்பமாயிற்று. 1951இல் தோன்றிய அரச இலங்கை விமானப்படையின் முதல் விமானங்கள் சிப்மங் என்னும் பயிற்சி விமானங்கள். 1957இல் பிரித்தானியத் தளங்கள் நம் நாட்டுக்கு மீண்டன. இக்காலத்திலிருந்து விமானமோட்டும் கலை இரு கிளைகளாகப் பிரிந்தது எனலாம். சிறு பயிற்சி விமானத்தில் மாணவன் சறுக்கக் கற்றான். பயணிகள் விமானத்துக்கு உயர்ந்ததும் அதனை மறக்கும்படி கற்பிக்கப்பட்டான். இன்று சீனக்குடாவில் விமானப்படைப் பயிலுநரின் சிறு விமானங்களும், பயணிகளோடு வரும் செஸ்னா கரவான் போன்ற சிறு விமானங்களும் ஒரே ஓடுபாதையில் இறங்கக் காண்கையில் இப்பிரிவின் இரு பக்கங்களும் கண்முன் நிற்கின்றன.

மறக்கும்படி ஏன் கற்பிக்கப்பட்டான்? காரணங்கள் வலுவானவை. பெரிய விமானம் மூன்று பாகைச் சரிவில் இறங்குகின்றது. அதாவது ஒரு கடல்மைலுக்கு ஏறத்தாழ 320 அடி. மணிக்கு 140 கடல்மைல் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 740 அடி வீதம் உயரம் குறையும். இச்சரிவும் வேகமும் தரையிலிருந்து ஆயிரம் அடிக்கு மேலேயே நிலைபெற்றுவிட வேண்டும். நிலைபெறாவிடின் இறங்கும் எண்ணத்தைக் கைவிட்டு மீண்டும் மேலெழுந்து சுற்றிவர வேண்டும் என்பது இன்று விமான நிறுவனங்களிற் பரவலாக உள்ள விதி. உயரத்தைக் கரைக்க வேண்டுமாயின் சிறகின் மேல் எழும் தடுப்புத் தகடுகள் உண்டு, பிளாப்புகள் உண்டு, சக்கரத்தை முன்கூட்டியே இறக்கலாம். பின்சாய்ந்த சிறகுகளையுடைய விமானத்தைக் குறுக்காக வைத்தால் காற்றை முன்னோக்கி எதிர்கொள்ளும் சிறகு மிகுந்த தூக்குவிசை பெற்று விமானத்தை உருட்ட முற்படும். வேகமானி தரும் கணக்கும் சறுக்கில் வழுவக்கூடும். சிறிய விமானங்களிலேகூட, செஸ்னா 172இன் சில வகைகளின் கையேடு பிளாப்பை முழுதும் இறக்கிய நிலையிற் சறுக்குவதைத் தவிர்க்குமாறு எச்சரிக்கின்றது. இவற்றோடு, உள்ளே இருக்கும் பயணி தன் இருக்கையிற் பக்கமாகத் தள்ளப்படுவதை உணர்ந்து அஞ்சுவான். அவனது அச்சத்தைச் சிலர் அற்பமாகக் கருதுவர். நான் அவ்வாறு கருதவில்லை. விலை கொடுத்து ஏறியவனுக்குத் தேவையற்ற அச்சத்தைத் தருவது நல்ல தொழிலன்று.

இறங்குகையிற் பிழை எவ்வளவு கொடியது என்பதை நம் நாடு இருமுறை கண்டது. 1974 டிசெம்பர் 4ஆம் நாள் கட்டுநாயக்காவை நோக்கி வந்த மார்ட்டினெயர் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம் மஸ்கெலியாவுக்கு அண்மையிற் சப்தகன்னி மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். 1978 நவம்பர் 15ஆம் நாள் ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் அதே வகை விமானம் கட்டுநாயக்கா ஓடுபாதையை எட்டுமுன் விழுந்தது. 262 பேரில் 183 பேர் உயிரிழந்தனர். இரு விமானங்களிலும் பெரும்பான்மையோர் இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர். இவ்விரண்டும் உயரம் மிஞ்சியதால் நேர்ந்தவையல்ல. உரிய இடத்துக்கு முன்பே உயரம் இழந்ததால் நேர்ந்தவை. ஆகவே சறுக்கு உத்திக்கு எதிரான சான்றாக இவற்றை நேரடியாகக் காட்டுதல் பொருந்தாது. ஆனால் தரைக்கு அண்மையில் உயரத்தோடு விளையாடுதல் கூடாது, நிலைபெற்ற சரிவே உயிர்காக்கும் என்னும் விதி எவ்வகை அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதை இவை உணர்த்துகின்றன.

இனி எதிர்த்தரப்பின் மிகப் பெரிய சான்றுக்கு வருவோம். 1983 யூலை 23ஆம் நாள் எயர் கனடாவின் 143ஆம் இலக்கச் சேவையில் மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்ரனுக்குச் சென்ற போயிங் 767 விமானத்தின் எரிபொருள் 41,000 அடி உயரத்தில் தீர்ந்தது. அதற்கான காரணம் வரலாற்று மாணவர் கவனிக்கத் தக்கது. கனடா அப்போது இறாத்தலிலிருந்து கிலோகிராமுக்கு மாறிக்கொண்டிருந்தது. பயணத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவை. தாங்கிகளில் 7,682 லீற்றர் இருந்தது. லீற்றரை எடையாக்குவதற்கு, கிலோகிராமுக்குரிய 0.8 என்னும் எண்ணுக்குப் பதிலாக இறாத்தலுக்குரிய 1.77 என்னும் எண்ணாற் பெருக்கினர். அதன் பயனாக 20,088 லீற்றர் ஏற்ற வேண்டிய இடத்தில் 4,916 லீற்றரே ஏற்றப்பட்டது. நம் நாட்டிலும் இறாத்தலைக் கைவிட்ட காலத்துக் குழப்பங்களை மூத்தோர் நினைவிற் கொண்டிருப்பர்; நம்மவர் கடைத்தெருவில் நட்டப்பட்டதோடு அது முடிந்தது.

இரு எந்திரங்களும் நின்றபின் 69 பேருடன் மிதந்து இறங்கிய அவ்விமானத்தைத் தலைமை விமானி ரொபேட் பியர்சன் செலுத்தினார். துணை விமானி மொறிஸ் குவின்ரல் பத்துக் கடல்மைலில் ஐயாயிரம் அடி இழக்கப்படுவதைக் கணக்கிட்டு, வினிப்பெக் எட்டாது என்று கண்டார். தாம் முன்னர் விமானப்படையிற் பணிபுரிந்த கிம்லி என்னும் கைவிடப்பட்ட தளத்தை நோக்கித் திரும்பலாம் எனவும் கூறினார். அங்கு அணுகியபோது உயரம் மிஞ்சியிருந்தது. எந்திரம் நின்றமையாற் பிளாப்புகளை இறக்க இயலவில்லை. சுற்றிவந்தாற் பின்பு ஓடுபாதையை எட்ட முடியாது. பியர்சன் ஓய்வு வேளைகளில் எந்திரமற்ற மிதவை விமானம் ஓட்டியவர். அவர் அவ்விமானங்களிற் செய்வதைப் போலவே போயிங் விமானத்தையும் குறுக்காகச் சாய்த்துச் சறுக்கினார். ஒருபுறப் பயணிகள் நிலத்தையும் மறுபுறத்தார் வானத்தையும் கண்டனர். ஓடுபாதை கார்ப் பந்தயத் திடலாக மாறியிருந்தது. அதன் கோடியில் அன்று குடும்பங்கள் கூடியிருந்தன. முன் சக்கரம் பூட்டப்படாது மடங்கி, மூக்கு தரையில் உரைந்து, விமானம் நின்றது. சிலர் சிறு காயமுற்றனர், ஒருவரும் மாளவில்லை.

இந்நிகழ்ச்சியைக் காட்டி, பயணிகள் விமானிகள் சறுக்கைப் பயின்று வழக்கமாகக் கையாள வேண்டும் என வாதிடுவோர் உளர். பியர்சனின் திறனில் எனக்குள்ள மதிப்பு அவர்களுடையதிலும் குறைந்ததன்று. ஆயினும் வாதம் ஒரு படியிற் சறுக்கிவிடுகின்றது. கிம்லியிற் சறுக்கு ஏன் சரியாயிற்று? இரண்டாவது முயற்சிக்கு எந்திரம் இல்லை. எந்திரம் இயங்கும் விமானத்தில், உயரம் மிஞ்சினால், மேலெழுந்து சுற்றிவர வழியுண்டு. அதற்குரிய எரிபொருளும் சட்டப்படி ஏற்றப்பட்டுள்ளது. உயரத்தைச் சறுக்கிக் கரைப்பவன் சில நிமிடங்களையும் சிறிது எரிபொருளையும் மிச்சப்படுத்துகின்றான். அந்த மிச்சத்துக்காகத் தரையை அண்டிய வேளையில் விமானத்தின் நிலைபெற்ற சரிவைக் கலைப்பது நட்ட வியாபாரம். எந்திரம் நின்றாலும் எப்போதும் சறுக்கே வழியென்பதன்று. 2001 ஆகத்து 24ஆம் நாள் எயர் ட்ரான்சாற்றின் எயார்பஸ் விமானமொன்று 306 பேருடன் அத்திலாந்திக் கடலின் மேல் எரிபொருள் இழந்து அசோர்ஸ் தீவுகளில் இறங்கியது. தலைமை விமானி ரொபேட் பிஷே மிஞ்சிய உயரத்தை ஒரு முழுச் சுற்றாலும் நெளிந்த திருப்பங்களாலும் கரைத்தார். அவருக்கு இடமிருந்தது, கிம்லியில் இடமிருக்கவில்லை.

சுக்கானை வலிந்து மிதிப்பதன் ஆபத்துக்குச் சான்றாக 2001 நவம்பர் 12ஆம் நாள் நியூயோர்க்கில் வீழ்ந்த அமெரிக்கன் எயர்லைன்சின் ஏ-300 விமானம் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. முன்சென்ற விமானத்தின் காற்றுச் சுழலிற் சிக்கியபோது துணை விமானி சுக்கானை மாறிமாறி முழுவிசையுடன் மிதித்தமையால் வாற்செட்டையே பிய்ந்து போயிற்று. தரையிலிருந்த ஐவர் உட்பட 265 பேர் மாண்டனர். இதனையும் வேறுபடுத்தி நோக்குதல் தகும். அங்கு நிகழ்ந்தது ஒரு திசையில் நிலையாக மிதித்து நிறுத்திய சறுக்கன்று, எதிரெதிர்த் திசைகளில் விரைந்து மாற்றிய மிதிப்பு. பெரிய விமானம் சறுக்கைத் தாங்காது என்பது உண்மையன்று. பயணிகளை ஏற்றுமுன் ஒவ்வொரு வகை விமானமும் நிலையான நேர்ச்சறுக்கிற் சோதித்துப் பார்க்கப்பட வேண்டும் என்பது தகுதிச் சான்றிதழ் விதிகளிலேயே உள்ளது. தாங்குமா என்பதும் செய்யலாமா என்பதும் வெவ்வேறு வினாக்கள். நம்மவர் விவாதங்களில் இவ்விரண்டும் பலமுறை கலந்துவிடுகின்றன.

அன்றியும், பயணிகள் விமானம் சறுக்குவதேயில்லை என்று சொல்வதும் பிழை. பக்கக் காற்று வீசும் நாளில் விமானம் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பி, நண்டு நடப்பது போல ஓடுபாதையை அணுகுகின்றது. சக்கரம் தரையைத் தொடுமுன் மூக்கை ஓடுபாதைக்கு நேராக்க வேண்டும். நேராக்கினாற் காற்று பக்கமாக ஒதுக்கும். ஒதுக்காமல் இருக்கக் காற்று வரும் பக்கச் சிறகைச் சிறிது தாழ்த்த வேண்டும். இதுவும் பக்கச் சறுக்கே. சில வினாடிகளே நீடிப்பதாற் பயணி அதனை உணர்வதில்லை. இங்கும் எல்லையுண்டு. சிறகின் கீழ்த் தொங்கும் எந்திரமோ சிறகு நுனியோ தரையிற் படக்கூடும். 2008 மார்ச் முதலாந் திகதி ஹம்பேர்க்கிற் புயற்காற்றில் இறங்க முயன்ற லுப்தான்சா விமானமொன்றின் சிறகு நுனி ஓடுபாதையில் உரைந்தது. அவ்விமானிகள் மீண்டும் மேலெழுந்து சுற்றிவந்து பத்திரமாக இறங்கினர். மேலே கூறிய 'இரண்டாவது முயற்சி' என்பதன் மதிப்பு இதனால் விளங்கும்.

திருகோணமலையிற் காற்றுக்குப் பஞ்சமில்லை. மார்கழி தையில் வாடை, வைகாசிக்குப் பின் சோளகம், இடையில் உடலை வாட்டும் கச்சான். சீனக்குடாவின் இன்றைய ஓடுபாதை ஏறத்தாழ வடகிழக்கும் தென்மேற்குமாகக் கிடக்கின்றது. இரு பருவக் காற்றுகளும் பெரும்பாலும் அதன் நீளத்தின் வழியே வீசுவன. இது பயிலுநர்க்கு வாய்ப்பு. ஆனால் பக்கக் காற்றிற் கைபழக வேண்டியவனுக்கு அவ்வளவு நல்லதன்று என்று சொல்லத் தோன்றுகின்றது.

ஆகவே என் முடிவு இது. எந்திரம் இயங்கும் பயணிகள் விமானத்தில், மிஞ்சிய உயரத்தைக் கரைப்பதற்காகச் சறுக்குதல் கூடாது. மேலெழுந்து சுற்றிவருதலே கடமை. ஆனால் கூடாது என்பதும் தெரியாது என்பதும் ஒன்றாகிவிடக் கூடாது. பியர்சனுக்கு அக்கலை தெரிந்திருந்தது அவரது நிறுவனம் கற்பித்ததால் அன்று. விடுமுறை நாட்களில் மிதவை விமானம் ஓட்டியதால். 69 உயிர்கள் ஒருவரது பொழுதுபோக்கின் மேல் தங்கியிருந்தன. செயற்கைப் பயிற்சிக் கூண்டில் ஆயிரம் மணி நேரம் இருந்தாலும், உடல் பக்கமாக ஒதுங்குவதையும் காற்றின் ஓசை மாறுவதையும் அது முழுமையாகத் தருவதில்லை. அந்த உணர்வு சிறு விமானத்திலேயே, தொடக்கப் பயிற்சியிலேயே உடலிற் பதிய வேண்டும். நேரடியாகப் பெரு விமானத்துக்கு அனுப்பும் குறுகிய பயிற்சித் திட்டங்கள் உலகெங்கும் பெருகிவரும் இக்காலத்தில், முதலிற் சுருக்கப்படுவது இத்தகைய மணித்தியாலங்களே. செலவுக் கணக்கில் அவற்றுக்கு வரவு காட்ட முடியாது. சீனக்குடாவிற் பயிலும் இளைஞன் ஒருவன் பின்னாளிற் பயணிகள் விமானத்துக்குச் செல்வானாயின், அங்கு தன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சறுக்க வேண்டி வராதிருக்கலாம். அவனது ஆசிரியர் அதனைக் கற்பிக்கும்போது, எப்போது செய்யலாகாது என்பதையும் அதே பாடத்தில், அதே ஓடுபாதையின் மேல், உயரம் மிஞ்சிய ஒரு நெருங்குதலைக் கைவிட்டு மீண்டும் மேலெழச் செய்து காட்டுவாராயின் போதும்.